தாகமெடுத்த கல்

டெலிபோன் அலறியது.

கல் டாக்டர் எடுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை ஒட்டிவைத்து, மறு கண்ணை இறுக மூடியிருந்தாள். அடியில் ஒரு ஊதா நிறச் செவ்வந்திக்கல்.

நகைக் கடைகள் முட்டி மோதிக்கொள்ளும் தெரு அது. அதில் ஒரு பழைய கட்டிடத்தின் உச்சி மாடியில், தீப்பெட்டி அளவுக்கு ஓர் அறை. கல் அசலா போலியா என்று பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். தெரு மொத்தமும் அவளைக் கல் டாக்டர் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர், வரி கட்டப் போகும்போது மட்டும் தேவைப்படும்.

டெலிபோன் அடங்குவதாக இல்லை.

எடுத்தாள்.

"அக்கா..."

தம்பி! எதிர் வரிசையில் இருக்கும் கல் கடையின் பின்பக்கப் பட்டறையில் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவன். அவன் குரல் தந்தியடித்தது.

"மொதலாளி தொட்டித் தண்ணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்காருக்கா."

"எதுக்குடா?"

"எதுக்குன்னு அவரால இனிமே சொல்ல முடியாது. செத்துட்டாரு."

பின்னால் யாரோ அதட்டினார்கள். போன் செத்தது.

கல் டாக்டர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. செவ்வந்திக்கல்லும் உருண்டது. அது எங்கே போனால் என்ன? ஓடினாள். படியில் இறங்கும்போதுதான் காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது என்று தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

பெற்றவர்கள் போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருக்கும் ஒரே ரத்த சொந்தம்.

* * *

பட்டறையில் ஈர சிமெண்டு வாசனை. சுவரோரம் வரிசையாகச் சாணைச் சக்கரங்கள். நடுவே இடுப்பளவு உயரத்தில் தொட்டி.

சக்கரம் சூடாகாமல் இருக்க அந்தத் தொட்டித் தண்ணீர்தான் அதன் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். இரும்பு துருப்பிடிக்கக் கூடாது என்று அதில் ஒரு மருந்தைக் கலப்பார்கள். மருந்து பச்சை நிறம். அதனால் தொட்டித் தண்ணீர் எப்போதும் கிளிப்பச்சை.

முதலாளியான கல் வியாபாரி இப்போது தரையில் கிடந்தார். நேற்று வரைக்கும் தும்பைப் பூவாக இருந்த மீசை பச்சையாகியிருந்தது. சிரிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மூலையில் தம்பி. சட்டை முன்பக்கம் முழுக்கப் பச்சை. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். எதிரில் இன்ஸ்பெக்டர், விரலில் பச்சைக்கல் மோதிரம் மின்ன, நின்றுகொண்டிருந்தார். ஜலதோஷம் பிடித்த மனிதர். அரை வாக்கியத்துக்கு ஒரு முறை மூக்கை உறிஞ்சினார்.

அவர் கணக்கு சுலபமானது. பட்டறைச் சாவி தம்பியிடம் இருக்கிறது. நேற்று மாலை தம்பியும் முதலாளியும் தெருவே கேட்கும்படி சண்டை போட்டிருக்கிறார்கள். சட்டையிலோ பச்சைத் தண்ணீர். இதற்கு மேல் கடவுளே வந்து சாட்சி சொல்ல வேண்டுமா?

"சண்டை போட்டியா, இல்லையா?"

"போட்டேன் சார். கல் தூசி நெஞ்சுக்குள்ள போகுது, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கன்னு கேட்டேன்."

"ஃபேனுக்காக ஒரு கொலையா?"

"ஃபேனுக்காகச் சண்டை சார். கொலை நீங்க சேர்த்தது."

இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

தம்பி சொன்ன கதை இது. காலையில் வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. முதலாளி தொட்டியில் கவிழ்ந்து கிடந்தார். பதறிப்போய்க் கட்டித் தூக்கி வெளியே போட்டான். சட்டை நனைந்தது அப்போதுதான். உயிர் இருந்தால் காப்பாற்றலாம் என்று நெஞ்சை அழுத்தியிருக்கிறான். வாயிலிருந்து வந்தது பச்சைத் தண்ணீர்தான், மூச்சு இல்லை.

"நல்லாச் சொல்றே. ஸ்டேஷன்ல இன்னும் நல்லாச் சொல்லுவே" என்றார் இன்ஸ்பெக்டர்.

கைவிலங்கு பூட்டும் சத்தம் கேட்டது. கல் டாக்டருக்கு அது தன் மணிக்கட்டிலேயே பூட்டியது போல இருந்தது.

அப்போதுதான் ஒரு கை அவள் தோளைக் கட்டிக்கொண்டது.

"அப்பா போயிட்டாருடி..."

வியாபாரியின் ஒரே மகள். கல் டாக்டரின் உயிர்த் தோழி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கல் பரிசோதனை படித்தவர்கள். வகுப்பில் இந்தத் தோழிக்கு 'லென்ஸ்' என்று பட்டப்பெயர். எல்லோரும் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, இவள் கல்லை உதட்டில் வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் கல், இல்லாவிட்டால் கண்ணாடி என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆனால் என்ன பிரயோஜனம்? படிப்பு முடிந்த கையோடு அப்பா கல்யாணத்தை முடித்தார். கடைக் கல்லாவில் மாப்பிள்ளையை உட்கார வைத்தார். மகளைச் சமையலறையில் நிற்க வைத்தார். மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரே கல், சோற்றில் கடிபடும் கல்.

அந்த மாப்பிள்ளை இப்போது வாசலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வந்ததா என்பது துண்டுக்குத்தான் தெரியும்.

"உன் தம்பி இதைச் செஞ்சிருக்க மாட்டான்டி. நான் நம்பலை" என்று காதருகே சொன்னாள் லென்ஸ்.

அந்த நேரத்தில், அந்த ஒரு வார்த்தைக்காக, கல் டாக்டர் அவள் காலில் விழக்கூடத் தயாராக இருந்தாள்.

* * *

மதியம். உச்சி மாடி அறை.

வக்கீல் ஒருவர் போனை எடுக்கவே இல்லை. இன்னொருவர் எடுத்து, கொலைக் கேஸ் என்றதும் இருமினார். கல் டாக்டர் மூன்றாவது வக்கீலுக்கு டயல் செய்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர்! பின்னால் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் லென்ஸ்.

"கீழ ஜீப்ல உங்க தம்பி இருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கோர்ட்டுக்குப் போற வழி. அதுக்குள்ள இங்க ஒரு வேலை."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஜீப்பின் பின்சீட்டில் தம்பி. வெயிலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கழுத்தின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. சின்ன வயசில் அவனுக்கு முடிவெட்டிவிட்ட கழுத்து.

மாப்பிள்ளை ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். பிரித்தால், ஒரு மோதிரம்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட மோதிரம் அது. அதில் ஒரு ஓபல். பாலைக் கட்டி பிடித்தது போல வெள்ளையாக இருக்கும். அசைத்தால் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று தீ ஓடும். போன வாரம் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி தளர்ந்துவிட்டதென்று பட்டறையில் தம்பியிடம் கொடுத்து வாங்கினார். இன்றைக்குச் சாவு வீட்டு அமர்க்களத்துக்கு நடுவே விரலைப் பார்த்தால்... ஓபலைக் காணோம். வெறும் கண்ணாடிதான் இருக்கிறது!

"உன் தம்பிதாம்மா மாத்திட்டான்" என்றார் மாப்பிள்ளை. "மாமாவுக்கு அது தெரிஞ்சிருக்கு. கேட்டிருக்காரு. அமுக்கிட்டான்."

"எதுக்காகக் கொன்னான்னுதான் யோசிச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஃபேன் எனக்குப் பத்தலை. இது பத்தும். கண்ணாடின்னு நீங்க ஒரு சீட்டு எழுதிட்டா போதும்."

"நான் அவனோட அக்கா சார். என்கிட்ட ஏன் வந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் லென்ஸைக் காட்டினார். வேறு யாரிடமும் போகக் கூடாது என்று அவள்தான் அடம்பிடித்தாளாம். தம்பியைக் காப்பாற்றக்கூட இவள் பொய் எழுத மாட்டாள் என்று சொன்னாளாம்.

லென்ஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

போலீஸ் மூளை சும்மா இருக்குமா? "முதல்ல இதைப் பாருங்க. நீங்க எப்படிப் பார்க்கறீங்கன்னு நான் பார்க்கணும்" என்று தன் பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். மரகதம் என்று அவர் சம்சாரம் வாங்கிக் கொடுத்ததாம்.

கல் டாக்டர் அதை இடுக்கியால் பிடித்து, மேஜை விளக்கின் குண்டு பல்பை இழுத்து, கல்லுக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தாள். பல்பு கொதித்தது. அறையில் எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா?"

"அப்புறம் சொல்றேன் சார்."

மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் மோதிரத்தை எடுத்தாள்.

கண்ணாடிதான்! உள்ளே தீயும் இல்லை, பாலும் இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் விரல்ரேகை இந்தப் பக்கம் தெரிகிறது. நல்லா உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு பச்சைச் சாயல். அவ்வளவுதான்.

கண்ணாடி என்று எழுதினால் தம்பி திருடன். திருடன் என்றால் கொலைகாரன். பொய்யாக ஓபல் என்று எழுதினால்? இன்னொரு பரிசோதகர் ஒரே நிமிஷத்தில் கிழித்துப் போடுவார். விளக்கை மறுபடி கிட்டே இழுத்தாள்.

"லைட்டுக்குக் கிட்ட வைக்காதடி. வெடிச்சிடும்."

லென்ஸ்தான் மெல்லச் சொன்னாள்.

கல் டாக்டர் பழக்க தோஷத்தில் விளக்கைத் தள்ளி வைத்தாள். மோதிரத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கண்ணாடியென்றால் உள்ளே எங்காவது ஒரு குட்டிக் குமிழி தெரிய வேண்டும். தேடினாள்... தேடினாள்... ஒரு குமிழிகூட இல்லை. உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

சில்லென்று இருந்தது!

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மோதிரத்தை ஒரு தட்டில் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்ச நேரம் காத்துல இருக்கட்டும் சார்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு காபி நேரம். ரெண்டு காபியாவும் ஆகலாம்."

"தம்பி ஜீப்ல வேகறான். அக்கா காபி போடறீங்க" என்றார் மாப்பிள்ளை.

அவள் காபி போட்டாள்.

* * *

காத்திருப்பது போலீஸ்காரர்களுக்கு ஆகாத வேலை. இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த கல் தட்டை நோண்ட ஆரம்பித்தார்.

"இதெல்லாம் என்ன? பாதி விலைக் கல்லா?"

"உபரத்தினம்னு சொல்லுவோம் சார். எங்க பரிசோதனைக் கணக்குல வைரம், மாணிக்கம், மரகதம், நீலம் நாலும்தான் பெரிய வீட்டுப் பிள்ளைங்க. மத்ததெல்லாம் உபரத்தினம். அழகுல குறைச்சல் இல்லை. மரியாதையிலதான் குறைச்சல்."

மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கல்லை எடுத்து, இது புஷ்பராகம், தனக்குத் தெரியும் என்றார்.

"சிட்ரின்" என்றாள் லென்ஸ், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "ஊதாச் செவ்வந்திக்கல்லைச் சூடு பண்ணினா மஞ்சளாகும். கடையில விக்கிற சிட்ரின் பாதிக்கு மேல அப்படி வந்ததுதான். நீங்க போன மாசம் ஒருத்தருக்குப் புஷ்பராகம்னு வித்தீங்களே, அதுவும் இதுதான்."

மாப்பிள்ளை கல்லைக் கீழே வைத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ருசி தட்டிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். கல் டாக்டர் நேரத்தைக் கடத்தவேண்டி விலாவாரியாகச் சொன்னாள். கத்திரிப்பூ நிறத்தில் இருப்பது செவ்வந்திக்கல். வெயிலில் போட்டு வைத்தால் வெளுத்துவிடும். மாதுளை முத்து போல இருப்பது கார்னெட். ஆலிவ் பச்சை பெரிடாட், எரிமலைக்குள்ளிருந்து வருவது. உள்ளே நிலவொளி மிதப்பது சந்திரகாந்தக்கல், ஒரு தட்டு தட்டினால் ஏடு ஏடாகப் பிளக்கும். பழுப்பில் தங்கக் கோடு நகர்வது புலிக்கண். அறுக்கும்போது வரும் தூசிதான் நெஞ்சைக் கெடுக்கும். தம்பி ஃபேன் கேட்டது அதற்காகத்தான்.

"இந்த நீலப்பச்சை?"

"டர்க்காய்ஸ். எண்ணெய், சென்ட் எது பட்டாலும் உறிஞ்சிக்கும். நிறம் மாறிடும்."

"மனுஷனைவிட மோசமா இருக்கே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வியாதி."

"வியாதி இல்லை சார், சுபாவம். அது தெரிஞ்சாத்தான் கல்லை நம்பி வாங்க முடியும்."

"சரி, ஓபலுக்கு என்ன சுபாவம்?"

கல் டாக்டர் ஃபேன் பக்கம் திரும்பினாள்.

"இங்க வந்து பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். மூக்கை உறிஞ்ச மறந்துபோனார்.

கண்ணாடியின் ஓரத்தில் பால் படர்ந்திருந்தது. அந்தப் பாலுக்குள் ஒரு சிவப்புப் பொறி. அவர் தலையை அசைத்தார். பொறி பச்சையாகி நீலமாகி ஓடியது.

"தாகம்" என்றாள். "ஓபல்ல ஒரு ஜாதி இருக்கு. தண்ணியைக் கண்டா குடிச்சிடும். குடிச்சதும் தீ அணைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடும். காஞ்சா தீ திரும்ப வரும். யாரும் கல்லை மாத்தலை சார். இது அதே ஓபல். என் தம்பி திருடன் இல்லை."

தட்டை விளக்குப் பக்கம் நகர்த்தினாள்.

"ஓபல் தண்ணியை மட்டும் குடிக்காது. தண்ணியில என்ன சாயம் இருந்தாலும் சேர்த்துக் குடிக்கும். அந்தப் பச்சைச் சாயலைப் பாருங்க. குழாய்த் தண்ணி பச்சையா இருக்காது."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே குடித்தது கல்! மாட்டிக்கொண்டது யார்?

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார்.

"மாப்பிள்ளை சார். உங்க மோதிரம் பட்டறைத் தொட்டிக்குள்ள எப்பப் போச்சு?"

மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தம் இல்லை. தொட்டிப் பக்கமே தான் போனதில்லை என்றார். ராத்திரி படுக்கும்போது மோதிரத்தைக் கழற்றிப் பாத்ரூம் ஷெல்ஃபில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் போட்டுக்கொள்வது வழக்கம் என்றார்.

"சார், நாளைக்குக் கடையை என் பேருக்கு எழுதிக் கொடுக்கறதா இருந்தாரு சார். நான் எதுக்கு அவரைக் கொல்லணும்?"

"அதை ஸ்டேஷன்ல பேசலாம்."

லென்ஸ் எழுந்து நின்றாள். "அடப்பாவி, எங்கப்பாவையா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே கை காட்டினார். கீழே கான்ஸ்டபிள் விலங்கைத் திறந்தார். தம்பி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். அக்காவைப் பார்த்ததும் சிரிக்க முயன்று, முடியாமல் அழுதான்.

போதும். கல் டாக்டருக்கு வேறு என்ன வேண்டும்?

இத்தோடு கதையை முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் நன்றாகத் தூங்கியும் இருப்பாள்.

பொட்டலம் கட்டுவதற்காக மோதிரத்தைக் கையில் எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள்.

ஓரத்தில் தீ ஓடுகிறது, சரி. ஆனால் நடுவில்? நடுவில் இன்னும் கண்ணாடிதான். காலையிலிருந்து வெளியில் இருந்த கல். இவ்வளவு நேரம் ஃபேன் காற்று வேறு வாங்கிய கல். அப்படியும் ஓரம் மட்டும்தான் காய்ந்திருக்கிறது. பச்சை அடி ஆழம் வரைக்கும் இறங்கியிருந்தது.

அப்புறம் இன்னொன்று ஞாபகம் வந்தது. சற்று முன் இதே அறையில் கேட்ட ஒரு வார்த்தை.

சொல்ல வேண்டுமா? தம்பி வெளியே வந்துவிட்டான். மாப்பிள்ளை ஒன்றும் உத்தமர் இல்லை. போனால் யார் அழப்போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டால் எல்லாம் சுபம்.

ஆனால் காலையில் தன் தம்பி கையில் பூட்டிய அதே விலங்கு, இப்போது தப்பே செய்யாத இன்னொருத்தன் கையில் பூட்டப் போகிறது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

"இன்னொரு காபியா?"

"ஒரு மனுஷனைத் தண்ணியில அமுக்கினா எவ்வளவு நேரத்துல சாவான்?"

"சில நிமிஷம். வயசானவர் வேற."

"அந்தச் சில நிமிஷத்துல இந்தக் கல்லுக்குத் தோல்தான் நனையும். இது நடு வரைக்கும் குடிச்சிருக்கு. ஒரு ராத்திரி முழுக்க ஊறினாத்தான் இப்படி ஆகும். ராத்திரி முழுக்க யாராவது ஒரு ஆளை அமுக்கிக்கிட்டே நிப்பாங்களா சார்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து கல்லின் நடுவைப் பார்த்தார்.

"மோதிரம் கொலை நடந்தப்ப நனையலை. அதுக்கு முந்தின ராத்திரியே யாரோ பச்சைத் தண்ணியில ஊறப் போட்டிருக்காங்க. பாத்ரூம் ஷெல்ஃப்ல இருந்து எடுத்து, விடியறதுக்குள்ள திரும்ப வெச்சிருக்காங்க. ஓபல் தண்ணி குடிக்கும்னு தெரிஞ்சவங்க."

"யாரு?"

கல் டாக்டர் தோழியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க மோதிரத்தைப் பல்புக்கு ஒட்டி வெச்சேன் சார். யாரும் ஒண்ணும் சொல்லலை. இந்த மோதிரத்தை வெக்கப் போனேன். வெடிச்சிடும்னு ஒரு குரல் வந்துச்சு. கல்லை மாத்திட்டாங்க, இது வெறும் கண்ணாடின்னு சொல்லித்தானே எல்லாரும் இங்க வந்தீங்க? கண்ணாடிக்கு எதுக்கு சார் அவ்வளவு பதறணும்? சூட்டுல வெடிக்கறது ஓபல். இது ஓபல்னு அப்பவே தெரிஞ்ச ஆள் இந்த அறையில ஒருத்தர்தான்."

லென்ஸ் கைக்குட்டையை மடித்தாள். நாலாக மடித்து மடியில் வைத்தாள். கண் காய்ந்திருந்தது.

"வாய் தவறிடுச்சுடி" என்றாள். "நல்ல கல்லு. விரிசல் விட்டுடுமேன்னு..."

"ஏன்டி?" என்றாள் கல் டாக்டர்.

"நான் பொறந்ததே அந்தக் கடையிலதான். எந்தக் கல்லு எந்த டப்பாவுலன்னு இருட்டுல சொல்லுவேன். அதை, சிட்ரினுக்கும் புஷ்பராகத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு எழுதிக் கொடுக்கப் போனாரு. ஏன்ப்பா, எனக்குக் கொடுங்களேன்னு கேட்டேன். சிரிச்சாரு. கோபப்பட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்." தட்டில் இருந்த சிட்ரினை விரலால் தள்ளினாள். "எங்கப்பாவுக்கு நான் எப்பவுமே உபரத்தினம்தான்டி."

மாப்பிள்ளை மனைவியையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார் போலிருந்தது.

மீதியையும் அவளே சொன்னாள். முந்தின நாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துப் போனாள். பல் தேய்க்கும் டம்ளரில் மோதிரத்தை ஊறப் போட்டாள். டம்ளரில் பச்சை வளையம் இன்னும் இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காலையில் அப்பா எப்போதும் போலத் தொட்டி மேல் குனிந்து தண்ணீர் மட்டம் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு தள்ளு, அப்படியே அமுக்கிப் பிடித்தாள். கல் மாறிவிட்டது என்று புருஷனை உசுப்பிவிட்டதும் அவள்தான்.

"வேற யார்கிட்ட போனாலும் கண்ணாடின்னு எழுதிட்டு உன் தம்பியைத் தூக்கிடுவாங்க. நீ கண்டுபிடிப்பே, அவனைக் காப்பாத்திடுவே, பழி இவர் மேல திரும்பிடும்னு தெரியும். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

"அஞ்சு நிமிஷம் ஊற வெச்சிருந்தா நான் ஏமாந்திருப்பேன்டி."

"பயம். நல்லாக் குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

கல் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பரீட்சைக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. கான்ஸ்டபிள் வந்து விலங்கை எடுக்கும் வரைக்கும் விடவில்லை. அந்தச் சத்தத்தை இன்றைக்கு அவள் இரண்டாம் தடவையாகக் கேட்டாள். இது முதல் தடவையைவிட வலித்தது.

படியில் தடதடவென்று ஏறி வந்தான் தம்பி. அவனுக்கு வழிவிட்டு, லென்ஸ் தலை குனிந்து இறங்கிப் போனாள். மாப்பிள்ளை எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"என் மோதிரம் அப்புறம் சொல்றேன்னீங்களே?"

"கண்ணாடி சார்."

அவர் பச்சைக்கல்லைச் சட்டையில் ஒரு தடவை துடைத்துவிட்டு, அதே விரலில் திரும்ப மாட்டிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார்.

"இருக்கட்டும். என் சர்வீஸ்ல, போலீஸுக்குத் தண்ணி காட்டிட்டுத் தப்பிச்சவங்களை நிறையப் பார்த்துட்டேன். கல்லுக்குத் தண்ணி காட்டி மாட்டிக்கிட்ட ஆளை இப்பதாம்மா பார்க்கறேன்!"